வெயிலைவிட மழை: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் குளவிகள் பெருகுவதும் குறைவதும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேலம் மாவட்டத்தின் ஏதாவது ஓர் ஊரில், தென்னை உச்சியிலோ பள்ளிக் கட்டடத்தின் சன்ஷேடுக்கு அடியிலோ பானைப் பருமனில் தொங்கிய, கடந்தை என்னும் பெருங்குளவியின் கூட்டைத் தீயணைப்புத் துறையினர் இரவில் வந்து எரித்து அகற்றினார்கள் என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருவது வழக்கமாகிவிட்டது. செய்தி வந்த கையோடு, இந்த ஆண்டு கடந்தை மிகுதி, கோடை கடுமையாக இருந்ததுதான் காரணம் என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. பருவநிலை மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தப் பேச்சைப் புறந்தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. வெப்பம் கூடினால் பூச்சி பெருகும் என்ற பொதுவிதி குளவி இனம் முழுமைக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. நம் பகுதியைப் பொறுத்தவரை, கொட்டும் பெருங்குளவிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் வெயிலைவிட மழை பெய்யும் காலமும் விதமும் முந்தி நிற்கின்றன. வெயில் நேரடியாகத் தாக்குவதோ பெரும்பாலோர் பார்த்தே இராத சிறு குளவிகளை.

இந்தப் பொருள் குறித்து வாசிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி குளிர்நாடுகளின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. அந்நாடுகளில் குளவிக் குடும்பத்துக்கு ஓராண்டுதான் ஆயுள். இலையுதிர் காலத்தில் கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மரப்பட்டைக்கு அடியிலும் கொட்டகை இடுக்குகளிலும் பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். பழைய ராணியும் வேலைக்காரக் குளவிகளும் ஆண்களும் குளிரில் மடிந்துவிடும். வசந்தத்தில் விழித்தெழும் ராணி, மரநாரைச் சுரண்டி மென்று காகிதம் போன்ற கூட்டைக் கட்டி, முதல் தலைமுறைக் குஞ்சுகளை ஒற்றை ஆளாக வளர்த்தெடுத்தாக வேண்டும். குளிர் குறைந்த ஆண்டில் ராணிகள் நிறையப் பிழைக்கும், ஆகவே அடுத்த கோடையில் குளவி பெருகும் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக உண்டு. ஆனால் இடையிடையே வெயில் எட்டிப்பார்க்கும் மிதமான பனிக்காலம்தான் ராணிக்குக் கேடு விளைவிப்பது. உடல் சூடேறி விழித்துக்கொண்ட ராணியின் கொழுப்புச் சேமிப்பு கரையத் தொடங்கும். வெளியே வந்தால் பூவும் இருக்காது, இரையும் இருக்காது. விடாத குளிரில் அசையாமல் கிடந்த ராணி அதைவிட நல்ல நிலையில் வசந்தத்தை எட்டிவிடும்.

வசந்தத்தில் வாரக்கணக்கில் மழையும் குளிரும் நீடித்தால் தனியாகக் கூடு தொடங்கிய ராணிகள் பட்டினியில் சாகின்றன. வசந்தம் உலர்ந்து வெதுவெதுப்பாக அமைந்தால் கூடுகள் தழைக்கின்றன. எனினும் வானிலை மட்டுமே முழுக் காரணம் அன்று. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் பல பத்தாண்டுகளாகத் திரட்டப்பட்ட எண்ணிக்கைகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு, முந்தைய ஆண்டின் எண்ணிக்கையே அடுத்த ஆண்டின் எண்ணிக்கையை வலுவாகக் கட்டுப்படுத்துகிறது என்றும், வசந்த கால வானிலையின் பங்கு அதைவிடச் சிறியது என்றும் காட்டியது. குளவி மிகுந்த ஆண்டுக்கு அடுத்து, ராணிகள் ஒன்றின் கூட்டை ஒன்று பறிக்கச் சண்டையிட்டு மடிகின்றன. இரைக்கும் போட்டி கூடுகிறது. ஆகவே ஓராண்டு பெருக்கத்தைப் பார்த்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் இது ஏறிக்கொண்டே போகும் என்று கணிப்பது குளிர்நாட்டிலேயே செல்லுபடியாகாத கணிப்பு.

வெப்பம் கூடுவதால் குளவி பெருகிய உண்மையான நிகழ்வுகளும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2006-இலும் 2019-இலும், பனிக்காலம் கடுமை குறைந்திருந்ததால் குளவிக் குடும்பங்கள் மடியாமல் அடுத்த ஆண்டுக்கும் தொடர்ந்து, பல ராணிகள் சேர்ந்து வாழும் பேருருவக் கூடுகளாக வளர்ந்தன. அவற்றுள் ஒன்று பழைய கார் ஒன்றின் உட்புறத்தையே நிரப்பியிருந்தது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013-ஆம் ஆண்டு 40-க்கும் மேற்பட்டோர் கடந்தை கொட்டி இறந்தபோது, வழக்கத்துக்கு மாறான வெப்பம் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நகரங்கள் காட்டோரம் வரை விரிந்ததும், கடந்தையை உண்ணும் உயிரினங்கள் குறைந்ததும்கூட அப்போது பேசப்பட்டன. 2004-இல் பிரான்சில் கண்டறியப்பட்ட ஆசியக் கடந்தை மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியதற்கு முதற்காரணம் சரக்குப் போக்குவரத்து. தட்பவெப்பம் அதற்கு வழிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இவை எல்லாவற்றிலும் குளிர்தான் கடிவாளம். சேலத்தில் அந்தக் கடிவாளமே கிடையாது. மார்கழிக் குளிரில்கூட இங்கே குளவிகள் கூண்டோடு மடிவதில்லை. ஏற்காட்டுப் பனியிலும் நண்பகல் வெயிலில் அவை இரை தேடிப் பறப்பதைக் காணலாம். தென்னிந்தியாவின் வீட்டு இறவாணங்களில் சாதாரணமாகக் காணப்படும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்தக் குளவி ஆண்டின் எந்த மாதத்திலும் புதுக் கூட்டைத் தொடங்கும் என்பதும், ராணி இறந்தால் உடனிருக்கும் பெண் குளவிகளுள் ஒன்று அந்த இடத்துக்கு வந்து கூட்டைத் தொடர்ந்து நடத்தும் என்பதும் அந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டவை. குளிர் குறைந்ததால் கூடு பிழைத்தது என்ற விளக்கத்துக்கே இங்கு இடமில்லை. அப்படியானால் எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது எது?

இரைதான். குளவியின் குஞ்சு இறைச்சி உண்பது. கம்பளிப்புழு, இலைப்புழு, ஈ, வெட்டுக்கிளி, சிலந்தி ஆகியவற்றைத் தாயோ வேலைக்காரக் குளவியோ பிடித்து மென்று உருட்டிக் கொண்டுவந்து ஊட்டுகிறது. வளர்ந்த குளவி பெரும்பாலும் பூந்தேனையும், அசுவினி போன்ற பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீரையும், குஞ்சுகள் வாயிலிருந்து சுரந்து கொடுக்கும் சத்துநீரையும் குடித்து வாழ்கிறது. புழு கிடைக்க இளந்தளிர் வேண்டும். தளிர் துளிர்க்க மழை வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் பெய்யும் கோடை மழை, ஏற்காட்டில் காப்பியைப் பூக்க வைக்கும் அதே மழை, மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் தளிரைக் கிளப்பிப் புழுக்களைப் பெருக்கி, குளவிகளின் கூடு கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. சேலம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே கோடை மழையில் தொடங்கிய கூட்டுக்கு ஏறத்தாழ ஆறேழு மாதம் இடைவிடாத தீனி கிடைக்கிறது. ஐப்பசியில் நாம் அண்ணாந்து பார்த்துத் திடுக்கிடும் கூடு அந்த மாதத்தில் முளைத்ததன்று. வைகாசியில் எலுமிச்சையளவில் இலைகளுக்குள் மறைந்திருந்த அதே கூடுதான்.

கோடை மழை வந்ததா, எப்போது வந்தது என்பது அதனால் முக்கியமாகிறது. பங்குனிக் கடைசியில் நல்ல மழை பெய்துவிட்டுப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நனைத்துக்கொண்டே போன ஆண்டில், ராணி தனியாக உழைக்க வேண்டிய ஆபத்தான முதல் கட்டம் விரைவில் முடிந்து, கூட்டில் வேலைக்காரக் குளவிகள் பெருகத் தொடங்கிவிடும். குளவிக் கூட்டின் வளர்ச்சி வட்டி குட்டி போடுவது போன்றது. தொடக்கத்தில் கிடைத்த சில வார முன்னிலை ஆண்டிறுதியில் பன்மடங்கு வேறுபாடாகத் தெரியும். கோடை மழை பொய்த்து ஆடிக்குப் பிறகே தொடங்கிய கூடு, கார்த்திகை வந்தாலும் சிறிதாகவே இருக்கும்.

இங்கே குளவிகளை வகை பிரித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் கடந்தைகள் இரண்டு. வெஸ்பா அஃபினிஸ் என்பது வயிற்றின் முற்பகுதி முழுவதும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் மீதி கறுப்பாகவும் இருப்பது. புதரிலும் மரக்கிளையிலும் கட்டடத்திலும் காகித உறையிட்ட உருண்டைக் கூடு கட்டுவது. தீயணைப்புத் துறையினரை அலைய வைப்பது பெரும்பாலும் இதுவே. வெஸ்பா டிராபிகா அதைவிடப் பெரிய உடலும், வயிற்றில் ஒற்றை அகன்ற மஞ்சள் பட்டையும் கொண்டது. மண்பொந்து, மரப்பொந்து, பாறையிடுக்கு போன்ற மறைவிடங்களை நாடுவது. இது மற்றக் குளவிகளின் கூட்டைச் சூறையாடி அவற்றின் குஞ்சுகளைத் தின்னும். காகிதக் குளவிகளின் முதன்மைப் பகைவன் இதுதான் என்பதால், மழை கூடினால் புழு கூடி, புழு கூடினால் காகிதக் குளவி கூடி, காகிதக் குளவி கூடினால் வெஸ்பா டிராபிகா கூடி, பிறகு அதுவே காகிதக் குளவியைக் குறைத்துவிடும் ஒரு சங்கிலி உருவாகிறது. நல்ல மழைக்கும் குளவியின் பெருக்கத்துக்கும் இடையில் சில மாதங்களேனும் காலத்தாழ்வு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுச் சுவரில் களிமண் கூடு கட்டும் வேட்டுவன் குளவிக்கோ இந்தச் சங்கிலி பொருட்டன்று. அதற்கு வேண்டியவை சிலந்தியும் ஈரமண்ணும் மட்டுமே. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. குழைக்கச் சேறு கிடைக்காத வறட்சியாண்டில் அந்த நல்ல சகுனமும் குறைந்துதான் போகும்.

மழை குளவியைப் பெருக்குகிறது என்பதால், மழை மிகுந்தால் குளவியும் மிகும் என்று கொள்ளக் கூடாது. விடாமழையில் குளவி பறக்க முடியாது. நான்கைந்து நாள் இரை வரத்து நின்றால், கூட்டில் உள்ள வளர்ந்த குளவிகள் தங்கள் குஞ்சுகளையே தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். மழை வெறித்த பிறகு கூடு பார்வைக்கு அப்படியே இருந்தாலும் அடுத்த தலைமுறையில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். மண்பொந்துக் கூடுகளில் வெள்ளம் புகுந்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேல் நின்று பெய்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அத்தகைய மழை குளவிகளுக்கு இரட்டை அடி: ஆண்டு முழுவதும் வளர்ந்த கூடு மிகப் பெரிதாக இருக்கும் நேரத்தில் வருகிறது, அடுத்த ஆண்டுக் கூடுகளைத் தொடங்க வேண்டிய இளம் ராணிகளும் அப்போது தப்புவதில்லை. ஆண்டின் மொத்த மழையளவு மாறாமலேயே, அது பெய்யும் நாள்கள் குறைந்து ஒரு நாளில் பெய்வது மட்டும் கூடினால், அதிகாரப்பூர்வக் கணக்கில் மழை இயல்பு என்றிருக்கும். குளவிக்கு அது இயல்பாக இருக்காது. பருவநிலை மாற்றம் நம் பகுதிக்குக் கொண்டுவரும் மழை பெரும்பாலும் இந்த வகையினதாகவே இருக்கும் என்பதால், மொத்த மழையளவை மட்டும் வைத்துக் குளவியின் எண்ணிக்கையைக் கணிக்க முயல்வது பயன் தராது.

வறட்சியின் பங்கு இதைவிடத் தெளிவானது, ஆனால் பார்ப்பவரை ஏமாற்றக்கூடியது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அத்தகைய ஆண்டில் தளிர் இல்லை, புழு இல்லை, கூடும் வளர்வதில்லை. ஆயினும் கடும் வறட்சியில்தான் குளவி நிறையத் தென்படுகிறது என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. கடந்தைக் கூட்டின் உட்புறம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் குஞ்சு செம்மையாக வளரும். வெளியே வெப்பம் ஏறும்போது வேலைக்காரக் குளவிகள் வாயிலில் நின்று சிறகால் விசிறுகின்றன. தண்ணீரை உறிஞ்சி வந்து கூட்டுக்குள் துளித்துளியாக வைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கின்றன. ஓடையும் குட்டையும் வற்றிய பிறகு அந்தத் தண்ணீர் தெருக்குழாயடியிலும் மாட்டுத் தொட்டியிலும் மொட்டைமாடித் தொட்டியின் கசிவிலும்தான் கிடைக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெப்பம் நாள்தோறும் 40 டிகிரியைக் கடந்து சென்றதே, அப்படிப்பட்ட வாரங்களில் குழாயடிக்கு வரும் பத்துக் குளவிகளும் ஒரே கூட்டைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். குளவி குறையும் காலத்திலேயே அது நம் கண்ணில் கூடுதலாகப் படுகிறது.

கண்ணில் படுவதையே எண்ணிக்கையாகக் கொள்ளும் பிழை மலையிலும் நேர்கிறது. ஏற்காட்டில் அராபிகாக் காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஜனவரி வரை. கூடுகள் மிகப் பெரிதாக இருக்கும் அதே மாதங்களில்தான், ஆட்கள் வரிசையாகச் செடிக்குள் கைவிட்டுக் கிளையை வளைத்துப் பழம் பறிக்கிறார்கள். அந்த ஆண்டு கூடுகள் குறைவாக இருந்தாலும் கொட்டு வாங்குகிறவர்கள் இருக்கவே செய்வார்கள். மலைத்தேனீ கலைந்து கொட்டியதையும் கடந்தையின் கணக்கில் எழுதிவிடுவது வேறு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் திறந்த அடையாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. அது பூக்கும் காலத்தை ஒட்டி இடம் பெயரும் உயிரினம், அதன் வரவுபோக்கு முற்றிலும் தனியான கதை. நாளிதழ்ச் செய்திகளில் இரண்டுமே 'விஷ வண்டு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், பிற்காலத்தில் அச்செய்திகளைத் திரட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பிரித்தாக வேண்டும்.

வெப்பம் நேரடியாக என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். கடந்தையின் கூட்டுக்குப் பல அடுக்குக் காகித உறை உண்டு. அடுக்குகளுக்கு இடையிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கிறது. காகிதக் குளவியின் கூட்டுக்கு உறையே கிடையாது. அடை வெறுமையாகத் திறந்திருக்கும். சேலத்தின் புறநகர்களில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடியில் கட்டப்படும் அத்தகைய கூடுகள் சித்திரை வெயிலில் வெந்துபோவதும், குளவிகள் அவற்றைக் கைவிட்டு வேறிடம் நாடுவதும் எதிர்பார்க்கக்கூடியவையே. ஆகவே நகரம் சூடாகச் சூடாகக் காகிதக் குளவி கூரைகளிலிருந்து மரநிழலுக்கும் கான்கிரீட் இடுக்குக்கும் ஒதுங்கும். கடந்தைக்கு அந்த நெருக்கடி அவ்வளவு இல்லை. உடல் பெரியது, கூட்டம் பெரியது, தண்ணீர் சுமக்க ஆள் உண்டு. வெயிலின் கொடுமையைக் கூட்டாக எதிர்கொள்ளும் வசதி இல்லாத தனிக் குளவிகள்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவை. சேலம் மாவட்ட உழவர்களின் வருமானம் அவற்றோடு பிணைந்திருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கான மூலப்பொருள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, வெகுவிரைவில் இப்பகுதி வயல்களிலும் பரவியது. கொழுந்து சுருண்டு கொத்தாகி, கணுக்கள் குட்டையாகி, விளைச்சல் சரிந்தது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து பஞ்ச அபாயத்தை உண்டாக்கியபோது, தென்னமெரிக்காவிலிருந்து அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தேடிக் கொண்டுவந்து 1981 முதல் விட்டார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரென் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியே இந்தியாவுக்கும் தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடப்பட்டது. நீளம் 2 மி.மீ.கூட இராத இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, குஞ்சு உள்ளேயிருந்து அதைத் தின்று வெளிவரும். குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் கண்டு வியந்தது ஏறக்குறைய இதே வகை நிகழ்வைத்தான். புழு குளவியாவதில்லை, குளவியின் பிள்ளைக்கு உணவாகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

வானிலை இந்த இரண்டு பூச்சிகளையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. மாவுப்பூச்சி வறண்ட காலத்தில் பெருகுவது. பெருமழை அதை இலையிலிருந்து அடித்துக் கழுவிவிடும். வறட்சியில் குளவிக்கு இரை மிகுதி, ஆகவே குளவியும் பெருக வேண்டும் என்று தோன்றும். ஆப்பிரிக்காவில் மணற்பாங்கான சத்தற்ற நிலங்களில் கண்டறியப்பட்டது அதற்கு நேர்மாறானது. சத்தும் ஈரமும் குன்றிய செடியில் வளரும் மாவுப்பூச்சி உருவில் சிறுத்துப் போகிறது. குளவியினத்தில் கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்ற முட்டை பெண்ணாகவும் வளரும். எதை இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. இரை சிறிதாக இருந்தால் தாய்க்குளவி அதில் ஆண் முட்டையையே இடுகிறது, ஏனெனில் ஆண் சிறிய உடலோடும் பிழைத்துக்கொள்ளும். விளைவு, அடுத்த தலைமுறையில் ஆண்கள் மலிந்து, முட்டையிடும் பெண்கள் அருகிவிடுகின்றன. மாவுப்பூச்சி தடையின்றிப் பெருகுகிறது. வறட்சி குளவியை நேராகக் கொல்லாமலேயே அதன் வேலையைக் கெடுத்துவிடும் இந்த வழியை அறிந்தால், மூடாக்குப் போட்டு எரு இட்டுச் செடியைத் தேற்றுவதும் குளவியை வளர்ப்பதற்குச் சமமான வேலை என்பது விளங்கும்.

வெப்ப அலை இன்னும் கொடியது. ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு, தான் தங்கியிருக்கும் புழு தாங்கும் அளவு வெப்பத்தைப் பல நேரங்களில் தாங்குவதில்லை. புகையிலைக் கொம்புப் புழுவையும் அதன் உடலில் வளரும் குளவியையும் வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகளில், புழுவைக் கொல்லாத அளவு வெப்பமே உள்ளிருந்த குளவிக் குஞ்சுகளைக் கொன்றுவிட்டது. சில புழுக்கள் குளவி செத்த பிறகு வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்தன. வயலில் இதன் பொருள், வெப்பம் தணிந்த பிறகு புழு எஞ்சியிருக்கும், அதைக் கட்டுப்படுத்தும் குளவி எஞ்சியிராது என்பதே. 2018-இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவுக்கும், கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கும் எதிராக உழவர்கள் அட்டையில் ஒட்டி வாங்கிக் கட்டும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அரை மி.மீ. அளவேயுள்ள குளவிதான். அந்த அட்டையை உச்சி வெயிலிலும் மழையிலும் கட்டக் கூடாது, காலையிலோ மாலையிலோ கட்ட வேண்டும் என்று வேளாண் துறையினர் வலியுறுத்துவது இந்த மென்மையை அறிந்துதான். காட்டில் தானாக வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு நேரம் பார்த்து விடுவார் யாரும் இல்லை.

சேர்வராயன் மலை இந்த மாற்றங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்த இடம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. இடையில் 30 கி.மீ. சாலையும் 20 கொண்டை ஊசி வளைவுகளும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்ற கணக்குப்படி, மலைமேல் நகரத்தைவிட 7 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. மழையும் மேலே கூடுதல்: ஏற்காட்டில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவில் பெய்கிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிர்ச்சியை நாடும் பூச்சி சரிவில் ஏறத்தாழ 160 மீட்டர் மேலே போக வேண்டும். அடிவாரத்துக் கடந்தைக்கு இதனால் புதிய இடம்தான் கிடைக்கும்; காப்பித் தோட்டங்களில் இதுவரை குளிர் காரணமாக மெதுவாக வளர்ந்த கூடுகள் இனி விரைவாக வளரலாம். உச்சியில் வாழும் குளவிகளின் நிலை வேறு. மலையின் உயர்ந்த பகுதியான சேர்வராயன் கோயில் பகுதி ஏறத்தாழ 1,620 மீட்டர். ஏற்காட்டு ஊர்மட்டத்திலிருந்து மிச்சமிருப்பது 120 மீட்டர். ஒரு டிகிரிக்கே போதாது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மேலே ஒதுங்க இடம் உண்டு, இங்கே இல்லை.

இதில் தனியாகக் குறிப்பிட வேண்டியவை அத்திக் குளவிகள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழி பழித்தாலும், அந்தப் 'புழு' இல்லாவிட்டால் அத்தி, ஆல், இச்சி எதுவும் காய்த்து விதை கட்டாது. ஓரிரண்டு மி.மீ. நீளமுள்ள அந்தக் குளவி வெளிவந்த ஓரிரு நாளுக்குள் தன் மரவகையைச் சேர்ந்த இன்னொரு காயைத் தேடிப்போய்ச் சேர வேண்டும். சிங்கப்பூரில் செய்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வெப்பம் சில டிகிரி கூடினாலே இந்தக் குளவிகளின் ஆயுள் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும் என்று காட்டியது. பறக்கும் நேரம் சுருங்கினால் எட்டும் தொலைவும் சுருங்கும். அத்தி மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் சரிவில் அது பெரிய இழப்பு. ஒட்டுண்ணிக் குளவிகளைப் போலவே இங்கும் பாதிப்பு குளவியின் எண்ணிக்கையோடு நிற்காமல், பழத்தை நம்பியிருக்கும் பறவைக்கும் வௌவாலுக்கும் போய்ச் சேர்கிறது.

மலையில் வெப்பத்தைக் குறைக்கும் கருவி ஒன்று தோட்டக்காரர்களின் கையிலேயே இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் தொடங்கிய ஏற்காட்டுக் காப்பிச் சாகுபடி, மரநிழலிலேயே வளர்ந்தது. நிழல் அடர்ந்த தோட்டத்தில் நண்பகல் வெப்பம் வெட்டவெளியைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். சிறு குளவிகளைப் பொறுத்தவரை அந்தச் சில டிகிரி சரிவில் சில நூறு மீட்டர் ஏறியதற்கு ஈடாகும். அத்தியும் ஆலும் மற்ற உள்ளூர் மரங்களும் இருந்த இடத்தில், பலகைக்கும் மிளகுக்கொடி படர்வதற்கும் உதவும் சில்வர் ஓக் நெடுகிலும் ஒரே மரவகையாகப் பெருகியதில் நிழலின் அடர்த்தியும் குறைந்தது, அத்திக் குளவியின் வழித்தடமும் அறுபட்டது. இருக்கும் நிழலையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் கவாத்து செய்து திறந்துவிடுவது வழக்கம். மழை சொன்ன நாளில் வந்த காலத்தில் அது சரியான முறை. ஜூன் மழை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும் ஆண்டில், கூடுகள் இளமையாக இருக்கும் நேரத்தில் உச்சி வெயில் நேராக அவற்றின்மேல் இறங்குகிறது. முழுத் தோட்டத்தையும் ஒரே வாரத்தில் கழித்துவிடாமல் பாத்தி பாத்தியாக, மழை பிடித்த பிறகு மிச்சத்தை என்று பிரித்துச் செய்தால், வெயில் கூடிய பகுதியிலிருந்து நிழலுள்ள பகுதிக்குப் போய்ச் சேரும் தொலைவாவது அவற்றுக்கு எட்டும் அளவில் இருக்கும்.